வெர்டெல் கெய்தரின் நன்னடத்தை

வெர்டெல் கெய்தரை நான் முதன்முதலில் பக்கத்தில் நின்று பார்த்தது சிலோவாம் சபையின் கொல்லைப்புறத்தில், கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால். சோளமாவில் புரட்டிய கெளுத்தி மீனை ஒவ்வொன்றாக எண்ணெயில் இறக்கிக்கொண்டிருந்தார். என் கல்லூரிப் புத்தகங்களுக்காகப் பொரிந்த மீன் அது. எங்கள் பக்கத்தில் யாருக்காவது நெருக்கடி என்றால் தட்டு விற்போம். பொரித்த மீன், கொஞ்சம் ஸ்பகெட்டி, முட்டைக்கோஸ் பச்சடி, இரண்டு துண்டு வெள்ளை ரொட்டி, மேலே ஒரு அலுமினியத் தாள். சாவு, ஆபரேஷன், தீப்பிடித்த வீடு, ஜாமீன் எதுவானாலும் தட்டுதான். மூன்றாவது மீன் கேட்டு வழிந்துகொண்டு நின்ற மூப்பர் ஒருவரை வெர்டெல் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பையன் ஒரு வருஷந்தான் படிக்கப் போறானா? மூணாவது மீன் வேணும்னா மூணாவது வருஷத்துக்கும் சேத்துக் குடுத்துட்டுப் போங்க" என்றார். அவர் கொடுத்துவிட்டுத்தான் போனார். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பட்டத்தில் மீன் வாடை அடிக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு அது பெருமை.

தட்டு விற்பதில் ஒரு முறை உண்டு. தனக்காகத் தானே தட்டுப் போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் வேறொருவர் எழுந்து, இன்னாருக்கு ஒரு காரியம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். என்ன காரியம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் எழுந்து சொல்கிறவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு மீன் பொரித்துக் கொடுத்த வெர்டெல், தன் விஷயத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஜார்ஜியாவின் தெற்கே, கடலைக் காடும் பைன் மரமுமான ஒரு கவுண்டியில் பிறந்தவர் அவர். சட்டை தைக்கும் ஆலை இருந்தவரை அங்கே தையல் மிஷின் ஓட்டினார். ஆலை மெக்சிகோவுக்குப் போனதும் பள்ளிக்கூடச் சமையலறைக்கு வந்தார். கணவர் கிளியோஃபஸ் மரம் ஏற்றுகிற லாரியோடு போனவர், மாரடைப்பில் வழியிலேயே முடிந்துபோனார். பிள்ளை குட்டி இல்லை. பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள்தான். உறையவைத்த ரொட்டி பாக்கெட்டில் வர ஆரம்பித்த பிறகும் வியாழக்கிழமைகளில் வெர்டெல் விடியுமுன் வந்து மாவைப் புளிக்கவைத்துத் தன் கையால் பன் சுடுவார். வாடை வகுப்பறை வரைக்கும் போகும். எந்த வாத்தியார் அதட்டினாலும் அடங்காத பையன் அன்றைக்கு வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பான்.

ஓய்வூதியத்துக்கு அவருக்கு இன்னும் ஒரே ஒரு வருஷம் பாக்கியிருந்தது. ஆண்டுதோறும் மே மாதம் மாவட்டக் கல்வி அலுவலகம் சமையல்காரர்களுக்குப் புது ஒப்பந்தம் போடும். போடுமுன் ஒவ்வொருவர் பெயரையும் கோர்ட்டுக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்ப்பார்கள். வழக்கு ஏதாவது தொங்கிக்கொண்டிருந்தால் ஒப்பந்தம் கிடையாது.

தொந்தரவு வந்தது ஒரு கோடை விடுமுறையில். பள்ளிக்கூடம் மூடினால் சமையல்காரருக்குச் சம்பளமும் மூடிவிடும். அந்த இரண்டு மாதத்தை ஓட்ட ஒவ்வொருவரும் எதையாவது தள்ளிப்போடுவார்கள். வெர்டெல் காரின் இன்ஷூரன்ஸைத் தள்ளிப்போட்டார். முதல் சம்பளத்தில் கட்டிவிடலாம் என்று நினைத்திருந்தார். ஆகஸ்டில் பள்ளி திறந்த வாரமே, பிரேக் விளக்கு எரியவில்லை என்று நிறுத்திய போலீஸ்காரன், இன்ஷூரன்ஸ் இல்லை என்பதையும் கண்டுபிடித்தான். எல்லாம் சேர்ந்து எழுநூறு டாலருக்கு மேல் அபராதம்.

எங்கள் ஊர்க் கோர்ட்டு வியாழக்கிழமை மட்டும் கூடும். வெர்டெலுக்கு முன்னால் நின்றவன் கடலை மண்டிக்காரர் மகன். அவன் மேலும் அதே இன்ஷூரன்ஸ் குற்றம்தான், கூட அதிவேகம் வேறு. அட்டையை நீட்டினான், தேய்த்தார்கள், சிட்டையைப் பின்பாக்கெட்டில் சொருகிக்கொண்டு போனான். அவன் கார் கிளம்பிப் போகிற சத்தம் அடங்குமுன் வெர்டெலின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"இன்னைக்கே கட்டுறீங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"இன்னைக்கு முடியாதுங்க ஐயா. கொஞ்சம் கொஞ்சமா கட்டிடுறேன்."

"அப்ப புரொபேஷன். ஒரு வருஷம். அடுத்தது."

அவ்வளவுதான் விசாரணை. கடலை மண்டிக்காரர் மகனின் குற்றம் அன்றைக்கே தீர்ந்துபோயிற்று. வெர்டெலின் குற்றத்துக்கு ஒரு வருஷ நன்னடத்தை தேவைப்பட்டது. புரொபேஷன் என்றால் அதுதான். அதை மேற்பார்வை செய்ய ஒரு தனியார் கம்பெனி இருந்தது, மாதம் ஒரு தேதியில் அங்கே போய் ஆஜராக வேண்டும். மேற்பார்வைக்கு மாதம் நாற்பது டாலர் கட்டணம். அதையும் வெர்டெலே கட்ட வேண்டும், கோர்ட்டு உத்தரவு. முழுத்தொகையும் கட்டித் தீர்த்துவிட்டால் வருஷம் முடியுமுன்பே விட்டுவிடுவார்கள் என்று குமாஸ்தா சொன்னாள். மே மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று வெர்டெல் அங்கேயே முடிவு செய்துகொண்டார். பின்னால் நடந்ததெல்லாம் அந்த மே மாதத்தை நோக்கி அவர் ஓடிய ஓட்டம்.

கம்பெனி ஆபீஸ் கடைத்தெருவில் துணி துவைக்கிற கடைக்கு அடுத்த கதவு. குண்டு துளைக்காத கண்ணாடி, அதன் அடியில் பணம் தள்ள ஒரு சந்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் கெய்லின் ஸ்ட்ரிக்லண்ட். ஒன்றாம் வகுப்பிலிருந்து வெர்டெலின் பன்னைத் தின்று வளர்ந்தவள், இரண்டு பன் எடுத்து ஒன்றைச் சட்டைப்பைக்குள் மறைப்பவள். இப்போதும் மரியாதை குறையவில்லை.

"நல்லாருக்கீங்களா மிஸ் வெர்டெல்? இன்னைக்கு எவ்வளவு கொண்டாந்திருக்கீங்க?"

மாதாமாதம் மேற்பார்வை என்றால் இந்த இரண்டு கேள்விதான்.

வெர்டெல் ஒரு மாதம் அறுபது கட்டினார், ஒரு மாதம் ஐம்பது. கிறிஸ்துமஸ் மாதம் வேறு வீட்டுக்குக் கேக் சுட்டுக் கொடுத்து நூறு கட்டினார். ஜனவரியில், பாதியாவது தீர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில், எவ்வளவு குறைந்தது என்று கேட்டார். கெய்லின் திரையைப் பார்த்துச் சொன்ன தொகை ஆகஸ்டில் இருந்ததைவிடப் பெரிதாக ஒன்றும் இறங்கியிருக்கவில்லை. கொண்டுவந்த பணம் முதலில் கம்பெனிக் கட்டணத்துக்குப் போகும், மிஞ்சினால்தான் அபராதத்துக்கு என்றாள். மேற்பார்வைக்கு ஆகிற செலவு அது என்றும் சொன்னாள்.

"என்னை யாரு கண்ணு மேற்பார்வை பண்ணாங்க? நானில்ல மாசாமாசம் வந்து உன்னைப் பாத்துட்டுப் போறேன்."

கெய்லினுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "ரூல்ஸ் அப்படி, மிஸ் வெர்டெல்" என்றாள்.

அந்த ஆபீசின் காத்திருக்கும் அறையில் சுவரெல்லாம் அறிவிப்புகள். செல்போன் கூடாது, சாப்பாடு கூடாது, காசோலை கூடாது. ஆனால் அங்கே உட்கார்ந்தவர்கள் உண்மையில் கற்றுக்கொண்டதெல்லாம் பக்கத்து நாற்காலியிடமிருந்துதான். கூரை வேலை செய்கிற லோனி ராக்மோர் அதில் ஒரு பேராசிரியர். அவன் எல்லாருக்கும் ஒரே பாடம்தான் நடத்துவான்.

"கையில காசில்லாம இந்தக் கதவுல நுழையாத. நுழைஞ்சா வேற கதவு வழியாத்தான் வெளிய வருவ, கையைப் பின்னால கட்டிக்கிட்டு. காசு சேந்தப்புறம் வா. அதுவரைக்கும் இந்தத் தெருப் பக்கமே தலை வச்சுப் படுக்காத."

எங்கள் ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. லோனியின் அண்ணன் அப்படித்தான் செய்தான், என் சித்தப்பா அப்படித்தான் செய்தார். காசு இருந்தால் போ, இல்லாவிட்டால் ஒதுங்கியிரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் யாரிடமும் இதைத் திருத்திச் சொன்னதில்லை.

மார்ச்சில் வெர்டெலின் வீட்டுக் கிணற்று மோட்டார் எரிந்துபோயிற்று. தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் இருப்பது. மோட்டாருக்குக் கொடுத்தது போக அந்த மாதம் கையில் மிஞ்சியது பதினொரு டாலர். தேதி வந்தது. வெர்டெல் குளித்து உடுத்தி, சமையலறை நாற்காலியில் கார் சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினொரு டாலரை அந்தச் சந்தில் தள்ளுவதை நினைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து சாவியை ஆணியில் மாட்டினார். அடுத்த மாதம் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடலாம். ஆபீசுக்குப் போன் செய்தார், இயந்திரம் எடுத்தது. பெயரைச் சொன்னார், மோட்டார் கதையைச் சொன்னார், பாதியில் இணைப்பு விட்டுப்போனது.

ஏப்ரலில் காசு சேர்ந்தபாடில்லை. தேதியன்று பள்ளி முடிந்து கடைத்தெரு வரை போனார். ஆபீஸ் கதவைப் பார்த்தார், கால் நகரவில்லை. பக்கத்துக் கதவில் நுழைந்து சலவை இயந்திரங்களுக்கு நடுவே நின்றுகொண்டார். அங்கே எர்லீன் மோப்லி துணி மடித்துக்கொண்டிருந்தார். எர்லீன் அதே சமையலறையில் பாத்திரம் பார்ப்பவர், முப்பது வருஷத்துச் சினேகிதி, வாய் துடுக்கு.

"இங்க என்னடி பண்ற?"

"துணி துவைக்க வந்தேன்."

"வெறுங்கையோட வந்திருக்க. உடுத்தியிருக்கறதைக் கழட்டித் துவைக்கப் போறியா?"

எர்லீன் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடிச் சுவர் வழியாக அடுத்த கதவின் பலகையைப் பார்த்தார், திரும்பி வெர்டெலைப் பார்த்தார். அதற்குப் பிறகு விஷயத்தைக் கறக்க நேரம் ஆகவில்லை. இத்தனை மாதம் தன்னிடம் மறைத்ததற்கு அங்கேயே நின்று திட்டித் தீர்த்தார். ஊர் முழுக்க மீன் பொரித்துப் போட்டவளுக்கு ஊர் பொரித்துப் போடாதா, அவ்வளவு என்ன தலைக்கனம் என்று கேட்டார். சபை வாசலில் வெள்ளைக் கையுறை போட்டு ஆட்களை உட்காரவைக்கிற தான், புரொபேஷனில் இருப்பதை எப்படிச் சொல்வது என்று வெர்டெல் திருப்பிக் கேட்டார்.

"அந்தக் கையுறைக்குள்ள இருக்கற கை யாருதுன்னு எங்களுக்குத் தெரியாதாடி?" என்றார் எர்லீன்.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் எர்லீன் எழுந்தார். சிஸ்டர் கெய்தருக்கு ஒரு காரியம் இருக்கிறது, வரும் சனிக்கிழமை தட்டு என்றார். வழக்கம்போல் யாரும் கேட்கவில்லை. வெர்டெல் கடைசி வரிசையில் கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை வெர்டெலை அடுப்புப் பக்கம் விடவில்லை. மரத்தடியில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார்கள். எண்ணெய் காயவில்லை, மாவில் உப்புப் போதாது என்று அங்கிருந்தே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் காதில் வாங்கவில்லை. வரிசை சாலை வரை நின்றது. அவர் கையால் தின்று வளர்ந்து இப்போது பிள்ளை பெற்றுவிட்டவர்கள் வந்தார்கள். லோனி ராக்மோர் நாலு தட்டு வாங்கினான். பின்மதியம் கெய்லின் ஸ்ட்ரிக்லண்டும் வந்தாள். இரண்டு தட்டு வாங்கி, பெரிய நோட்டு ஒன்றைக் கொடுத்து, மீதி வேண்டாம் என்றாள். போகிறவள் நாற்காலிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றாள்.

"திங்கக்கிழமை வர்றீங்களா, மிஸ் வெர்டெல்?"

"வரேன் கண்ணு. முழுசா கொண்டாறேன்."

கெய்லின் வாயைத் திறந்தாள். கையிலிருந்த தட்டுகளைப் பார்த்தாள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காருக்குப் போனாள். மீனுக்கு நன்றி சொல்ல நினைத்து வெட்கப்பட்டிருப்பாள் என்று வெர்டெல் எடுத்துக்கொண்டார்.

முழுதும் சேர்ந்திருந்தது. அபராதம், பாக்கிக் கட்டணம், அதற்கு மேல் பத்திருபது. திங்கட்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும், தலையில் கட்டிய வலைகூட அவிழ்க்காமல் வெர்டெல் கிளம்பினார். எர்லீன் துணைக்கு வந்தார். எர்லீன்தான் காரை ஓட்டினார். வழியெல்லாம் இருவருக்கும் சிரிப்பு. மே மாத ஒப்பந்தத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

கெய்லின் பணத்தை எண்ணினாள், ரசீது கொடுத்தாள். ஒரு காசு பாக்கியில்லை என்றால் நாம் எப்படி நிமிர்வோமோ அப்படி நிமிர்ந்து நின்றார் வெர்டெல். அப்போது கெய்லின், கண்ணாடியைப் பார்க்காமல், "கொஞ்சம் உக்காருங்க, மிஸ் வெர்டெல்" என்றாள்.

உட்கார்ந்தார். பின்கதவு வழியாக ஷெரீஃபின் ஆள் ஹட்டோ வந்தார். மார்ச்சில் வராமல் போனதற்கு அந்த மாதமே வாரண்ட் போட்டாகிவிட்டது என்றும், லைசென்ஸும் அதோடு ரத்து என்றும் சொன்னார். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க யாருக்கும் அவசரமில்லாததால் அது மேஜையிலேயே கிடந்திருக்கிறது.

எர்லீன் ரசீதைத் தூக்கிக் காட்டினார். "அதான் கட்டியாச்சே. இந்தா பாருங்க, மை கூடக் காயல."

"காசு வேற, வாரண்ட் வேற" என்றார் ஹட்டோ. பிறகு வெர்டெலிடம் திரும்பி, "விலங்கை முன்னாலயே மாட்டறேம்மா, பின்னால வேணாம். தோள் வலிக்கும்" என்றார். அதை அவர் கருணையாகத்தான் செய்தார்.

வெர்டெல் கண்ணாடியைப் பார்த்தார். "சனிக்கிழமையே உனக்குத் தெரியும்."

கெய்லின் அழுதுகொண்டிருந்தாள். சொல்லியிருந்தால் தன் வேலை போயிருக்கும் என்றாள்.

"ஆமா" என்றார் வெர்டெல். "வேலை போனா கஷ்டந்தான்."

நீதிபதி வியாழக்கிழமைதான் உட்காருவார் என்பதால் அதுவரை வெர்டெல் ஜெயிலில் இருந்தார். வெர்டெலுக்கு உடம்பு சரியில்லை என்று எர்லீன் பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பார்த்தார். ஆனால் ஜெயிலில் அடைத்தவர்களின் படத்தை எங்கள் கவுண்டியில் இணையத்தில் போட்டுவிடுவார்கள். தலையில் வலையோடு வெர்டெல் நிற்கிற படத்தை எட்டாம் வகுப்புப் பையன்கள் செவ்வாய்க்கிழமையே போனில் பார்த்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை நீதிபதி, ஏன் தேதிக்கு வரவில்லை என்று கேட்டார்.

"கையில காசில்லங்க ஐயா. அதனாலதான் வரல."

"காசில்லாட்டி வந்து இல்லைன்னு சொல்லணும். காசில்லாதது குத்தமில்ல. வராததுதான் குத்தம்."

அபராதம் தீர்ந்திருந்தும் புரொபேஷனை முடித்துவைக்க அவர் ஒப்பவில்லை. வருஷத்தை முழுதாக இருந்து கழிக்க வேண்டும் என்றார். வாரண்ட் மேஜையில் தூங்கிய நாட்கள் அந்த வருஷத்தில் சேராது, அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்றார். கழிகிற ஒவ்வொரு மாதத்துக்கும் அந்த நாற்பது டாலர் மேற்பார்வைக் கட்டணம் உண்டு.

வெளியே நடைகூடத்தில், அரசு கொடுத்த வக்கீல் பெண் வேகமாகப் பேசினாள். பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் உள்ளே தள்ள முடியாது, சட்டம் அப்படி. மார்ச்சில் அந்தப் பதினொரு டாலரோடு போய் நின்றிருந்தால்கூடப் போதும். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லியும் கேட்டிருக்கலாம்.

"கேக்கலாம்னு யாருங்கம்மா சொன்னாங்க?" என்று வெர்டெல் கேட்டார். "செல்போன் கூடாதுன்னு சுவத்துல எழுதியிருக்காங்க. இதை எழுத இடமில்லயா?"

வக்கீல் பெண்ணை அடுத்த வழக்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மே மாதம் ஒப்பந்தம் வரவில்லை. தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து, தன் கையில் ஒன்றுமில்லை என்றும், மேலே இருப்பவர்கள் பெயரைத் தட்டிப் பார்த்தபோது சிவப்பாக வந்துவிட்டது என்றும் சொன்னார். எர்லீன் அவரிடம் நிறையப் பேசினார். சமையலறைச் சாவியைக் கோர்த்திருந்த வளையத்திலிருந்து கழற்றி எடுக்க வெர்டெலுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று, நகம் உடைந்தது. ஓய்வூதியத்துக்கு ஒரு வருஷம் குறைந்ததால் அதுவரை சம்பளத்தில் பிடித்த அவர் காசை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் ஒரு பகுதி கண்ணாடிச் சந்து வழியாகப் போனது.

இதற்குப் பிறகு ஒரு மாதம்கூட அவர் தேதி தவறவில்லை. நவம்பரும் போனார். டிசம்பரில் போனபோது கெய்லின் இருந்த இடத்தில் புதிதாக ஒரு பெண். பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "நீங்க லிஸ்ட்லயே இல்லயேம்மா, அக்டோபர்லயே முடிஞ்சுபோச்சே" என்றாள். யாரும் சொல்லவில்லையே என்றார் வெர்டெல். சொல்கிற வழக்கமில்லை என்றாள் அந்தப் பெண்.

வெர்டெல் கெய்தர் இப்போது பக்கத்துக் கவுண்டியின் கோழி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் நிற்கிறார். வயது அறுபத்தொன்று. லைசென்ஸைத் திருப்பி வாங்கக் கட்டணம் இருக்கிறது, அதை இன்னும் கட்டவில்லை. எர்லீனின் மருமகன் காரில் போய் வருகிறார், பெட்ரோலுக்குப் பங்கு கொடுக்கிறார்.